ஆள் நிற்கும் நாள்

என் வீட்டுக்காரர் விமானம் ஓட்டுகிறவர் என்று தெரிந்தால் போதும், பழவேற்காடு பஜாரில் கத்தரிக்காய் விலை ஏறிவிடும். "டீச்சரம்மாவுக்கு இன்னா கொறை" என்று சிரித்துக்கொண்டே மற்றவர்களுக்குச் சொல்வதைவிட ஒரு படி மேலே சொல்வார்கள். நானும் விடுகிறவள் இல்லை. "வெமானம் ஓட்டறவருக்கு இன்னா சம்பளம்னு தெரியுமா உனக்கு? உன் தராசை எங்கிட்ட குட்த்துட்டு நீ போய் ஓட்டு" என்று சண்டை பிடித்துத்தான் வாங்குவேன்.

அவர் பெயர் இன்னாசி. கம்பெனியில் இக்னேஷியஸ். எங்கள் சவேரியார் குப்பத்தில் பி.எஸ்ஸி. வரை போன முதல் ஆள். அரசாங்க உதவித்தொகையில் மெட்ராஸில் விமானம் ஓட்டப் படித்து லைசென்ஸும் வாங்கினார். வாங்கி என்ன? வேலை கொடுக்க எவனும் இல்லை. லைசென்ஸைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஏரியில் இறங்கி வலை கட்டினார். ஐந்தாறு வருஷம் அப்படியே போனது. என் நைனா பைலட் மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லி எனக்குக் கட்டிவைத்தார். வந்து பார்த்தால் மாப்பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் நின்று வலைக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை இருந்தது. அவரும் நல்ல மனுஷனாக இருந்தார்.

எண்பத்து நாலில், சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் புதிய கம்பெனி ஒன்று ஆள் எடுத்தது. இவரையும் எடுத்தார்கள். குப்பத்தில் வேட்டு போட்டோம். பிறகுதான் பேஸ் என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்குள் வந்தது.

"பேஸுன்னா இன்னாடா?" என்று கேட்டார் என் மாமியார் செசிலியா.

"நான் எந்த ஊர்ல இருக்கணும்னு கம்பெனி சொல்ற ஊரும்மா. அங்க இருந்துதான் வேலைக்குக் கெளம்பணும், அங்கதான் திரும்பி வரணும்."

"அப்ப வூடு?"

மெட்ராஸ், ஐதராபாத், கல்கத்தா என்று பேஸ்கள் இருந்தன. ஆனால் யார் எங்கே என்பதை வேலையில் சேர்ந்த வரிசைதான் முடிவு செய்யும். முன்னால் சேர்ந்தவர் முன்னால் கேட்பார், பின்னால் சேர்ந்தவருக்கு மிச்சம். கண் பரிசோதனைச் சான்றிதழ் வந்து சேரத் தாமதமானதால் இவர் அந்தக் கூட்டத்தில் கடைசி ஆள். மிச்சம் இருந்தது கௌஹாத்தி. மெட்ராஸ் பேஸில் உட்கார்ந்திருக்கிறவர் தானாக எழுந்தால்தான் அந்த இடம் காலி. அவர் எதற்கு எழுந்திருக்கிறார்?

செசிலியா அத்தைக்கு இது பிடிபடவே இல்லை. எங்கள் ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் சீட்டுப் போட்டு முறை வைத்து, ஆளுக்கு ஒரு நாள் என்று இடம் சுற்றி வரும். அதற்குப் பெயர் பாடு. முறை தவறாமல் பார்த்துக்கொள்கிற ஊர்த்தலைவரை நாட்டார் என்போம். இன்றைக்கு முகத்துவாரத்தில் அள்ளியவன் நாளைக்குச் சேற்று மூலைக்குப் போகத்தான் வேண்டும். "ஒருத்தனே வருசம் பூரா மொகத்துவாரத்துல வலை கட்டினா மத்தவன் இன்னா மண்ணையா திம்பான்? உங்க கம்பெனில கேக்கறதுக்கு ஒரு நாட்டார் கூடவா இல்ல?" என்று மகனிடம் சண்டைக்கே போனார்.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் கத்தரிக்காய் விலையை ஏற்றுவீர்கள். புதிதாகச் சேர்ந்த துணை பைலட்டுக்குக் கையில் வருவது என் டீச்சர் சம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. பறந்தால் படி உண்டு. கௌஹாத்தியில் மழையும் மூடுபனியும் சேர்ந்து பாதி நாள் பறக்கவிடாது. அறை வாடகை, ஓட்டல் சாப்பாடு, சீருடைச் சலவை எல்லாம் போக அவர் அனுப்புவது மகனின் பாலுக்கும் மருந்துக்கும் சரியாக இருக்கும். வீட்டுக்கு வந்து போகிற செலவு கம்பெனியைச் சேர்ந்தது இல்லை. கல்கத்தாவுக்கு வந்து, மெட்ராஸ் போகிற பெரிய விமானத்தில் இடம் மிஞ்சினால் உட்கார்ந்து வரலாம். மிஞ்சாவிட்டால் விமான நிலையத்து பெஞ்சு. சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு கிடைத்தால் இரண்டு நாள் அந்த பெஞ்சிலேயே போய்விடும். ரயிலில் வந்தாலோ, வீட்டு வாசலை மிதிக்கும்போதே திரும்புகிற நேரம் ஆகியிருக்கும். ஒரு தடவை வந்தார், குளித்தார், சாப்பிட்டார், மகனைத் தூக்கினார். பொன்னேரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையன் என்னிடம், "அந்த மாமா எப்ப வருவாரு?" என்று கேட்டான்.

ஆக, எங்கள் வீட்டில் உலை கொதித்தது விமானத்தால் அல்ல, என் சம்பளத்தாலும் ஏரிப் பாட்டாலும்தான். இவர் பெயரில் இருக்கும் பாட்டில் சித்தப்பா மகன் வலை கட்டி, வருவதில் பாதியைச் செசிலியா அத்தையிடம் கொடுப்பான். அப்படி ஆள் வைத்துக் கட்டலாம், தடை இல்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள், ஐப்பசியில் புதுச் சீட்டுப் போடுகிற அன்று, பாட்டுக்காரனே, அதாவது பாடு யார் பேரில் இருக்கிறதோ அவனே, கரையில் வந்து நிற்க வேண்டும். நாட்டார் பேர் சொல்லிக் கூப்பிடுவார், "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அண்ணன் தம்பி சொன்னால் செல்லாது, பெண்சாதி சொன்னால் செல்லாது. ஒரு வருஷம் தவறினால் பொறுப்பார்கள். அடுத்த வருஷமும் தவறினால் பேர் எடுபட்டுவிடும். கல்யாணமாகிக் காத்திருக்கிற அடுத்த ஆளுக்கு அந்த இடம் போகும். எடுபட்ட பேர் திரும்ப ஏறாது, மகனுக்கும் கிடையாது. போன வருஷம் இவர் மூடுபனியில் மாட்டிக்கொண்டு வரவில்லை. இந்த வருஷம் வந்தே ஆக வேண்டும்.

காத்திருந்தவன் பக்கத்துப் பெரிய குப்பத்து எல்லப்பன். கல்யாணமாகி நாலு வருஷம். அடுத்தவன் வலையில் கூலிக்கு இறங்குகிறவன். அவன் பெண்சாதி ருக்கு என்னோடு நன்றாகப் பழகுவாள். எங்கள் இரண்டு குப்பத்துக்கும் பாடு பொது, நாட்டாரும் பொது.

சீட்டுப் போடுகிறதற்கு முதல் நாள் மாலை கல்கத்தாவிலிருந்து போன் வந்தது. பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் அப்துல் ரவூப் பாய் கடையில்தான் எங்களுக்குப் போன் வரும். "சீட் உண்டுன்னு மேனேஜரே சொல்லிட்டாரு பிலோமி. மதியானம் மெட்ராஸ்ல எறங்கிடுவேன். பொழுது சாயறதுக்குள்ள கரையில நிப்பேன்" என்றார். எப்போதும் வெயில் தாழ்ந்த பிறகுதான் சீட்டுப் போடுவார்கள். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் பார்த்தால் வானம் வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. காற்று மாறுவதற்குள் முடித்துவிடலாம் என்று நாட்டார் அங்கமுத்து எல்லாரையும் மதியமே கரைக்குக் கூப்பிட்டுவிட்டார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் என்று செசிலியா அத்தை ஆள் அனுப்பினார். "மழ பொறுக்குமா?" என்று பதில் வந்தது.

ஆண்கள் மணலில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் படகுகளுக்குப் பின்னால் நின்றோம். ஒவ்வொரு பேராகச் சொல்லிக்கொண்டு வந்தார் அங்கமுத்து. அவருக்கு எல்லாம் மனப்பாடம். ஒவ்வொருவனும் எழுந்து "இருக்கேன்" என்றான். எங்கள் முறை வந்தது.

"சவேரியார் குப்பம், இன்னாசி."

எல்லப்பன் தலையைக் குனிந்துகொண்டு மணலைக் கிளறினான். அவன் ஆசைப்படுகிறது யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைத்தான் போல. அங்கமுத்து இன்னொரு முறை கூப்பிட வாயெடுத்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தினமும் மதியத்தில் கல்கத்தா விமானம் எங்கள் ஏரிக்கு மேலே இறங்கிக்கொண்டேதான் மீனம்பாக்கம் போகும். வடக்கிலிருந்து மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"தோ, இன்னாசி வந்துக்கினு இருக்காரு!" என்று எவனோ கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள்.

அங்கமுத்து சிரிக்கவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "பிலோமினா, உன் ஆளு அதுலதான் வர்றாரா?"

"ஆமாங்க நாட்டாரே. அதுலதான். நேத்து போன்ல சொன்னாரு" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பேர் கூப்பிடும்போது பாட்டுக்காரன் ஏரியில் படகில் இருந்தால் கரைக்கு ஓடி வர வேண்டியதில்லை. கரையில் இருப்பவர்கள் கண்ணுக்குப் படகு தெரிந்தால் போதும், ஆள் நிற்பதாகக் கணக்கு. அங்கமுத்து அதைத்தான் எடுத்தார். "ஆளு நம்ம ஏரிக்குள்ளதான் இருக்காரு. எல்லார் கண்ணுக்கும் தெரியுது. கீழ இருந்தா இன்னா, மேல இருந்தா இன்னா? இன்னாசி நிக்கிறாரு. மறுத்துப் பேசறவன் பேசலாம்" என்றார். யாரும் பேசவில்லை. எல்லப்பன்கூடச் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினான். சிரிப்பு முடிந்த பிறகும் அவன் உதடு அப்படியே இருந்தது. என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை.

சீட்டில் இவருக்கு முதல் நாளே முகத்துவாரம் விழுந்தது. செசிலியா அத்தை மணலில் மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவரைக் கூட்டிவரப் பழவேற்காட்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். ஒரு பஸ் வந்தது, இல்லை. அடுத்ததிலும் இல்லை. தூறல் விழ ஆரம்பித்தபோது ரவூப் பாய் கடைவாசலில் நின்று கையசைத்தார். "டீச்சரம்மா, ஓடியாங்க. உங்க வூட்டுக்காரரு லைன்ல இருக்காரு."

"இன்னாங்க, மீனம்பாக்கத்துல இருந்தா? ஏன் இவ்ளோ லேட்டு?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"இல்ல பிலோமி. கல்கத்தாலதான் இருக்கேன்."

கடைப் பலகையில் உட்கார்ந்தேன்.

"ஏறி ஒக்காந்து பெல்ட்டு கூடப் போட்டுட்டேன். கதவ மூடற நேரத்துல சீனியர் கேப்டன் ஒருத்தர் குடும்பத்தோட வந்தாரு. அவருக்கு எழுந்து குட்க்கணும், அதான் ரூலு. நாளைக்கு ராத்திரிக்குள்ள நான் கௌஹாத்தில இருக்கணும். போச்சு பிலோமி. நம்ம பேரு போச்சு." அவர் குரல் உடைந்திருந்தது.

"போவல" என்றேன். நடந்ததையெல்லாம் கொட்டினேன். விமானம், அங்கமுத்து, முகத்துவாரம். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

லைன் போய்விட்டதோ என்று அலோ அலோ என்றேன்.

"நான் அதுல இல்லியே பிலோமி."

"அது உங்களுக்கும் எனக்கும்தான தெரியும்?" கொஞ்சம் தள்ளி ரவூப் பாய் இறால் கூடைக்கு ஐஸ் தட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும், வாயில் வராது.

"அடுத்தது யாரு? எல்லப்பனா?"

"ஆமா."

"ரெண்டு வருசமா உங்கிட்ட இன்னா சொல்லி அழுதுக்கினு இருக்கேன்? எடத்தப் புட்ச்சவன் எழுந்திருக்க மாட்டான், நம்ம முறை வரவே வராதுன்னு. இப்ப எல்லப்பன் எடத்துல ஆளே இல்லாம நான் ஒக்காந்திருக்கேன். நாட்டார்கிட்ட சொல்லிடு. காலைல வலை எறங்கிட்டா அப்புறம் மாத்த முடியாது. அதுக்கு முந்தி சொல்லிடு."

"நீங்க நாயம் பேசுவீங்க, நான் போய் சபைல நிக்கணுமா?" என்று கத்தினேன். "உங்க கம்பெனி சம்பளத்த வெச்சிக்கினு மாசத்த ஓட்டிக் காட்டுங்க, அப்புறம் பேசுங்க!"

நேரம் முடிந்து லைன் அறுந்தது. அவர் என்ன பதில் சொல்ல இருந்தார் என்று தெரியவில்லை. ரவூப் பாய் நிமிரவே இல்லை. "மழ வலுக்கும் போல. பாத்துப் போங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

சொல்லக் கூடாது என்றுதான் குப்பத்துக்குத் திரும்பத் தோணி ஏறினேன். மறைக்க மாட்டேன், அப்படித்தான் முடிவு பண்ணியிருந்தேன். தோணியில் ருக்கு இருந்தாள். பஜாருக்கு வந்து திரும்புகிறாள். முந்தானையை என் தலைக்கும் சேர்த்துப் போர்த்தினாள்.

"அண்ணன் வர்லியா அக்கா?"

"வருவாரு."

"மழைல பஸ்ஸு லேட்டாதான் ஆவும். எங்க வூட்டுக்காரரு சொல்லிச் சொல்லிச் சிரிக்கறாரு அக்கா, இன்னாசி அண்ணன் ஆகாசத்துல நின்னுக்கினு பாடு வாங்கினாருன்னு. எங்களுக்கும் ஒரு வருசம் வரும். இன்னா இப்போ?" அவள் கை என் தோளில் கிடந்தது. கூலி வலை இழுத்துக் காய்த்த கை. வருவாரு என்று அவளிடம் சொன்னது பொய் என்று அப்போதுதான் உறைத்தது. கரை வந்ததும் அவளுக்கு முன்னால் இறங்கி நடந்தேன்.

வீட்டில் அத்தையிடம் சொன்னேன். அவர் அடுப்பை விட்டு எழுந்து வந்து என் வாயைப் பொத்தினார். "சொல்லாதே. எம் புருசன் பேரு அது. அவரு நைனா பேரு. தண்ணில செத்துச் செத்து வெச்சிருந்த எடம். பேரன் நாளைக்குக் கேட்டா இன்னா சொல்லுவே?"

"உங்க புள்ளதான் அத்தை சொல்லச் சொல்றாரு."

"அவனுக்கு இன்னா தெரியும்? அவன் எங்கியோ கெடக்கான்" என்று அழுதார். நானும் அழுதேன். அன்று யாரும் சாப்பிடவில்லை.

விடியும்போது மழை விட்டிருந்தது. வலைகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் நேராக அங்கமுத்துவிடம் போனேன். சபையில் பெண்கள் தாமாகப் பேசும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆண்கள் ஒவ்வொருவராகக் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள்.

"நாட்டாரே, அவரு அந்த வெமானத்துல இல்ல. சீட்டுலருந்து எழுப்பி வுட்டுட்டாங்க. கல்கத்தாலதான் இருந்தாரு. அவருதான் சொல்லச் சொன்னாரு."

"நேத்து நீ ஆமான்னியே?"

"நேத்து நம்பினேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பிச் சண்டை போட்டிருப்பேன். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நாங்களும் நம்பினோம்மா" என்றார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டார். "பேரு எடுக்கணும். வாங்க."

பேர் எடுப்பதை நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். கடலில் போய்த் திரும்பாத ஒருவனுக்காக. எல்லாரும் தலைத்துண்டை அவிழ்த்துத் தண்ணீரைப் பார்த்து நிற்பார்கள். நாட்டார் அந்தப் பேரை மூன்று தடவை உரக்கக் கூப்பிடுவார். பதில் இல்லை என்றால் பேர் போயிற்று. உயிரோடு இருக்கிறவனுக்கும் அதே முறைதானாம். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருப்பேனா என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

"இன்னாசீ!"

தண்ணீர்தான் அசைந்தது.

"இன்னாசீ!"

எல்லப்பன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாசீ!"

"இருக்கான்!"

பின்னாலிருந்து செசிலியா அத்தை ஈரப் புடவையோடு ஓடி வந்தார். "இருக்கான் நாட்டாரே! எம் புள்ள இருக்கான்! இல்லாதவனக் கூப்புடற மாரி கூப்புடாதீங்க!"

பெண்பிள்ளை சொன்னால் செல்லாது என்பது அவருக்கும் தெரியும். அங்கமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கான் செசிலியா. நல்லா இருப்பான். இங்க இல்ல, அவ்ளோதான்" என்றார். பிறகு எல்லப்பன் பேரைக் கூப்பிட்டார். அவன் சொன்ன "இருக்கேன்" பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. படகுகள் கிளம்பின. நான் அத்தையை வீட்டில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

கிறிஸ்துமஸுக்கு இவருக்கு சீட் கிடைத்தது. வந்த அன்று பையன் சரியாக நைனா என்று கூப்பிட்டான். நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "மூணு வாட்டியும் கூப்ட்டாங்களா?"

"கூப்ட்டாங்க."

"யாராவது பதில் சொன்னாங்களா?"

"அத்தை."

அவர் கை நின்றுவிட்டது. அடுப்பங்கரையில் அத்தை பாத்திரம் உருட்டுகிற சத்தமும் நின்றுவிட்டது.

"கௌஹாத்தில தெனமும் காலைல வேலைக்கு நிக்கறவங்க பேரக் கூப்புடுவாங்க பிலோமி" என்றார். "நான்தான் மொத ஆளா சொல்லுவேன், இருக்கேன்னு. ஒரு நாள் கூடத் தவறினது இல்ல."

சோற்றுக் கையோடு உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். நான் எழுந்து போய் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன்.